டெய்லர்கள் உடனே தேவை

‘ஓவர்லாக் டெய்லர்கள் உடனே தேவை’ என்ற போர்டைப் பார்த்ததும், ஓடுகிற டவுன் பஸ்ஸிலிருந்து சோணைமுத்து குதிக்காத குறைதான். காலையிலிருந்து இது நாலாவது கம்பெனி.

அவன் வாயைத் திறப்பதற்குள் கேட்டில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் கன்னையன் சொல்லிவிட்டார்.

“வேலை இல்லீங்க தம்பி. ஆர்டரே இல்லீங்க.”

“போர்டு தொங்குதேண்ணே?”

“அது ரெண்டு வருஷமாத் தொங்குதுங்க. போர்டு இருந்தாத்தான் கம்பெனி ஓடுதுன்னு நாலு பேர் நம்புவாங்கன்னு முதலாளி சொல்றாருங்க.”

சோணைமுத்துவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இதை நம்பி வர்றவனுக்கெல்லாம் அரைநாள் வீணாப் போகுதேண்ணே! ஏணி இருந்தாக் குடுங்க. நானே கழட்டிப் போட்டுட்டுப் போறேன்.”

கன்னையன் பதறி எழுந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வேண்டாமுங்க தம்பி, என் பொழப்புல மண்ணைப் போட்டுறாதீங்க. நானும் ஓவர்லாக் டெய்லர்தானுங்க. போன வருஷம் இதே போர்டைப் பார்த்துத்தான் வந்தேன். வர்றவங்களுக்கெல்லாம் வேலை இல்லைன்னு சொல்ல ஒரு ஆள் வேணும்னு, என்னையக் கேட்டுல உக்கார வெச்சுட்டாங்க. போர்டைக் கழட்டிட்டா எனக்கு இங்க என்னங்க வேலை?”