இடுப்பில் இரும்பு

வலது பக்கம் வைத்தால் குந்தும்போது தொடையில் குத்துகிறது.

பின்னால் செருகினால் நிமிரும்போது முதுகெலும்பில் இடிக்கிறது. முன்னால் வைத்துப் பார்த்தேன். குனிந்து பலகையைத் தூக்கியதும் பிடி வயிற்றில் ஏறி, காலையில் குடித்த டீ தொண்டைக்கு வந்துவிட்டது.

மடக்குகிற கத்தியாக இருந்தால் பெல்ட் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிடலாம். இது மடங்காது. பிளாஸ்டிக் பைப்புத் துண்டை நெருப்பில் வாட்டி, தட்டி, உறை மாதிரி செய்து, லுங்கிமேல் கட்டுகிற பச்சை பெல்ட்டில் கோத்திருக்கிறேன்.

கழற்றி வைக்க முடியாது.

என் பெண்சாதி கண்ணம்மாளுக்குக் கொள்ளி வைத்தவன் நான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. காரியம் முடிகிற வரைக்கும் கொள்ளி வைத்தவன் இடுப்பில் இரும்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் செத்தவர் பின்னாலேயே வந்துவிடுவார் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இரும்பு இருந்தால் கிட்ட வர மாட்டார்களாம்.

காரியத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. சூளைக்கு அதெல்லாம் தெரியாது. கொலுவுக்குப் போக வேண்டிய பொம்மைகள் காய்ந்து வரிசையில் நிற்கின்றன.

சுடாத பொம்மைகளைப் பலகையில் வைத்து, இடுப்போடு அணைத்துத் தூக்கிப்போய் டிராலியில் அடுக்குவதுதான் என் வேலை. சூளைக்குள் போகாத பொம்மை பிஸ்கட் மாதிரி. விரல் கொஞ்சம் அழுத்தினால் போதும்.

முற்பகலில் கத்திப் பிடி தட்டி ஒரு யானைக்குத் தும்பிக்கை போனது. சாப்பாட்டுக்கு முன்னால் இன்னொரு யானைக்கு.

மேஸ்திரி ராஜாங்கம் இரண்டு தும்பிக்கைகளையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

“என்னாய்யா, சூளைக்குக் காவலா நிக்கிற? ஒனக்கு இரும்புதான வேணும்?” பெட்டியிலிருந்து ஓர் ஆணியை எடுத்து நீட்டினார். “இத மடியில முடிஞ்சிக்க. எங்கப்பனுக்கு நான் சைக்கிள் சாவிதான் வச்சிருந்தேன். பேயி வந்து அளந்தா பாக்கப் போவுது?”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆணியை வாங்கவில்லை.

அவர் முகம் மாறிவிட்டது. “இன்னொன்னு ஒடஞ்சிச்சின்னா கத்தியோட வூட்டுக்குப் போயிடு. காரியத்த முடிச்சிட்டு வா. அதுக்குள்ள ஒன் எடத்துல வேற ஆளு நின்னா என்னக் கேக்காத.”

சொன்னால் செய்வார். அவரும் முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டியவர்.

ஆணி போதும் என்று எனக்கும் தெரியும்.

எதிர்ப் பெஞ்சில் பானுமதி உட்கார்ந்து பிசிறு சீவிக்கொண்டிருந்தாள். அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் ஓரத்தில் கோடாக நிற்கிற மண்ணைக் கத்தியால் சீவுகிற வேலை. அவளுக்குப் பக்கத்து ஸ்டூல் காலி. நான் கத்தியை முன்னும் பின்னும் நகர்த்துவதை அவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

“எடது பக்கம் கொண்டாங்கண்ணே. எலும்புக்குப் பின்னால. நிமித்தி வைக்காதீங்க, சாச்சி வைங்க. பிடி முன்னால பாக்கணும்.”

வைத்தேன். குந்தினேன். குத்தவில்லை. பலகையை வலது இடுப்பில் அணைத்து எழுந்தேன். கத்தி இருப்பதே தெரியவில்லை.

“ஒனக்கு எப்பிடிம்மா தெரியும்?” என்று கேட்டேன்.

அவள் சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் பிடியைப் பார்த்தாள் போலிருக்கிறது. அதில் சுற்றியிருந்த நீலச் சேலைக் கிழிசலை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சீவ ஆரம்பித்தாள்.

சாயங்காலம் வரைக்கும் ஒன்றும் உடையவில்லை.

டிராலியை உள்ளே தள்ளிச் சூளைக் கதவை மூடும்போது பாண்டியன் போன் செய்தான். கண்ணம்மாளின் தம்பி, கருவேப்பிலங்குறிச்சியில் இருக்கிறான். தினமும் இந்த நேரத்துக்குக் கேட்பான்.

“மாமா, இரும்பு இடுப்புல இருக்குதா?”

“இருக்குது.”

“கழட்டிடாதீங்க. அக்கா ஒங்க மேல உசுரா இருந்துச்சி. வந்துரும்.”

“கழட்டல.”

அன்றைக்குச் சாவு வீட்டில் எதுனா இரும்பு எடுங்க என்று கேட்டவன் அவன்தான். மாடத்தில் சாவி இருந்தது, அரிவாள்மணை இருந்தது. நான் இந்தக் கத்தியை எடுத்துக் கொடுத்தேன். காய் நறுக்குகிற கத்தி என்று நினைத்து அவனே என் இடுப்பில் செருகிவிட்டான்.

கண்ணம்மாள் அந்தக் காலி ஸ்டூலில் உட்கார்ந்து பிசிறு சீவிய கத்தி. இடது இடுப்பில், எலும்புக்குப் பின்னால், சாய்த்துச் செருகியிருப்பாள்.

செருகியிருந்தால்தான் உண்டு. பாதி நாள் அதை எங்கேயாவது மறந்து வைத்துவிடுவாள். குழாயடியில், அச்சு அடுக்கில், டீ வாங்குகிற இடத்தில். ரயில்வே கேட் வரைக்கும் வந்த பிறகு இடுப்பைத் தொட்டுப் பார்ப்பாள். வேறு வாங்கிக்கொள்ளலாம் வா என்றால் கேட்க மாட்டாள். அந்தக் கத்தி எங்கே இருந்தாலும் தேடிப் போய்விடுவாள். அது இல்லாமல் ஒரு நாளும் வீடு வந்து சேர்ந்ததில்லை.

“நீங்க போயிக்கிட்டே இருங்க, பின்னாடியே வந்துடுறேன்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடப்பாள்.

வேலை முடிந்து நான் வந்தபோது கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் போய், கேட் திறந்து, வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்துத் தாண்டிப் போன பிறகும் கொஞ்சம் நின்றேன்.

கொள்ளி வைத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சுடுகாட்டில் சொல்லியிருந்தார்கள். இப்போதும் பார்க்கவில்லை.

மெதுவாகத்தான் நடந்தேன்.