பதில் வராத பக்கம்

"பதில் வரலைன்னா செத்துப் போச்சுன்னு நீங்களே முடிவு கட்டிடுவீங்களா சார்?"

ஞாயிற்றுக்கிழமை. ஆளில்லாத அலுவலகத்தின் சர்வர் அறையில், தலைமைப் பொறியாளர் அம்மையாரின் குரல் ஏ.சி.யின் இரைச்சலையும் மீறி ஒலித்தது. ஸ்டோரேஜ் கம்பெனியிலிருந்து வந்திருந்தவர் தலையைச் சொறிந்தார்.

இரண்டு சர்வர்கள், இரண்டுக்கும் பொதுவாக ஒரு சேமிப்புப் பெட்டி. ஒன்று நின்றுபோனால் மற்றது உடனே அதன் வேலையை ஏற்க வேண்டும். சோதனைக்காக அவர் இரண்டுக்கும் இடையிலிருந்த வயரைப் பிடுங்கியிருந்தார். இரண்டும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன. ஆனால், மற்றது செத்துவிட்டதென்று ஒவ்வொன்றும் எண்ணிக்கொண்டு, ஒரே பெட்டியில் முட்டிமோதி எழுதின. சோதனைக்கு வைத்த தகவல் முழுவதும் பாழ்.

"நடுவுல வயர் போயிருக்கலாம்ல? அந்தப் பெட்டியையே சாட்சியா வைங்க. அதைக் கேட்காம எந்தப் பக்கமும் முடிவு எடுக்கக் கூடாது."

"வெச்சுடறேன் மேடம். லீவு நாள்லயும் வாங்கிக் கட்டிக்கணும்னு என் தலையில எழுதியிருக்கு. உங்களை வீட்ல தேட மாட்டாங்களா?"

"தேட யார் இருக்கா? ஒரே தங்கச்சி. அம்மா வீட்டை விக்கறப்போ பேச்சு முத்திடுச்சு. நாலு வருஷமா அவகிட்டேருந்து ஒரு போன் கிடையாது. இருக்கேனா, போயிட்டேனான்னு கேட்க நாதியில்லை."

"கூடப் பொறந்தவங்களா இப்படி? கல் நெஞ்சு மேடம்."

"அழுத்தக்காரி. நான் தலை முழுகிட்டேன்."

பெட்டியைச் சாட்சியாக்கிவிட்டு, ஸ்டோரேஜ்காரர் மீண்டும் வயரைப் பிடுங்கினார். இம்முறை ஒரு சர்வர் ஒதுங்கிக்கொள்ள, மற்றது பிசகின்றிப் பொறுப்பேற்றது. அப்போது ஸ்டோரேஜ் கம்பெனியிலிருந்து அம்மையாருக்குத் தானாக வர வேண்டிய எச்சரிக்கை அழைப்பு மட்டும் வரவில்லை. காலையிலிருந்து ஒருமுறைகூட ஒலிக்காத அவருடைய கைப்பேசி, மேசைமேல் அப்படியே கிடந்தது.

"போனைக் கொஞ்சம் கொடுங்க... அட, எங்க கம்பெனி நம்பரையே பிளாக் பண்ணி வெச்சிருக்கீங்களே!"

"லோன் வேணுமா, பிளாட் வேணுமான்னு கேக்கறவங்களே பரவாயில்லை. உங்க விற்பனை ஆளுங்க தொல்லை தாங்கலை."

"நியாயம்தான். எங்க முதலாளியே அவங்க போனை எடுக்கறதில்லை. பிளாக்குல ஊர்ப்பட்ட நம்பர் கிடக்கு மேடம், மொத்தத்தையும் எடுத்துடட்டுமா?"

"எடுங்க. வேலை முடிஞ்சா சரி."

எடுத்துவிட்டு, அடுத்த சோதனைக்காக வயரை ஒழுங்காக மாட்டினார். அதைப் பிடுங்க அவர் மறுபடி குனிவதற்குள் கைப்பேசி ஒலித்தது.

"நான் இன்னும் கை வைக்கவே இல்லையே!"

திரையில் 'தங்கச்சி' என்றிருந்தது.

வீடு கைமாறிய அன்று, ஆத்திரத்தில் தாம் அழுத்திய பொத்தான் அம்மையாரின் நினைவுக்கு வந்தது. நடுவில் எந்த வயரும் அறுந்திருக்கவில்லை. இந்தப் பக்கம் கழற்றப்பட்டிருந்தது, அவ்வளவுதான்.

ஸ்டோரேஜ்காரர் திரையைப் பார்த்தார். பிறகு, சர்வரின் பின்புறத்தில் ஏதோ வேலை இருப்பதுபோல் நகர்ந்துகொண்டார்.

மணி நிற்கப்போகும் நேரத்தில் அம்மையார் எடுத்தார்.

"அக்கா?" மறுமுனை திகைத்தது. "நிஜமாவே எடுத்துட்டியா? வாரா வாரம் அடிப்பேன், பிஸின்னுதான் வரும். இன்னைக்கும் அப்படித்தான்னு நெனச்சு... என்ன பேசறதுன்னு யோசிச்சு வைக்கலையே!"