இரண்டு போன்களின் பொதுச் சொற்கள்

தவமணியின் பழைய போனும், வெளியூரில் இருந்த அவள் மகனின் புதுப் போனும் ஓர் ஒப்பந்தம் செய்திருந்தன. இரண்டு போன்களுக்கும் பொதுவான சொற்களில் மட்டுமே செய்தி பரிமாறிக்கொள்ள வேண்டும்.

ஒருநாள் பழைய போன் பதறியது. "தம்பி, அம்மாவுக்கு மூச்சு இழுக்குது. அவனைக் கூப்பிடு."

"மீட்டிங்கில இருக்காருண்ணே. நம்மகிட்ட பொதுவா இருக்கறது நலம், அவசரம்னு ரெண்டு சொல்தான். அவசரம்னா அம்மாவே சொல்லணும். என்ன சொல்லச் சொன்னாங்க?"

"'ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன்'னு. வலிச்சாலும் அப்படித்தான்பா சொல்லுவாங்க."

"அதுக்கு நம்மகிட்ட சொல் இல்லையேண்ணே. நலம்னு போடு."

பழைய போன் தயங்கித் தயங்கி அப்படியே அனுப்பியது.

சாயங்காலம் அதைப் படித்த மகன் நிம்மதியாக அம்மாவை அழைத்தான். விறைத்த கைக்குப் பக்கத்தில் கிடந்த பழைய போன், தன்னால் முடிந்த மட்டும் சத்தமாக அடித்துக்கொண்டே இருந்தது.