கும்மியில் ஒரு இடம்

"பொங்கலுக்கு சௌமியா கும்மி ஆடமாட்டா டீச்சர். பேரை எடுத்துடுங்க."

தலைமை ஆசிரியை எல்சி பேனாவை மூடி வைத்தார். எதிரே நின்ற சௌமியாவின் அம்மா குணசுந்தரியின் முகத்தில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. பள்ளியில் சமத்துவப் பொங்கலுக்கு இன்னும் இரண்டே நாள். மூன்றாம் வகுப்பு சௌமியாதான் கும்மியில் முதல் ஆள். அவள் பாட்டெடுத்துக் கொடுத்தால்தான் மற்றப் பிள்ளைகளுக்கு அடி வரும்.

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் கீறா."

எல்சிக்குச் சுருக்கென்றது. எண்ணூர்க் குப்பத்தை ஒட்டிய அந்தத் தொடக்கப் பள்ளிக்கு அவர் மாற்றலாகி வந்தது போன ஆகஸ்டில். அதுவரை அங்கே பண்டிகை என்றாலே பஞ்சாயத்துதான். தன் பிள்ளை கிறிஸ்துமஸ் குடிலில் இடையனாக நிற்கக் கூடாது என்று ஒரு அப்பா வந்து நிற்பாராம். ஆயுத பூஜைப் பொரியைத் தன் மகன் தொடக் கூடாது என்று இன்னொருவர் வருவாராம். அனல்மின் நிலைய வேலைக்கு வந்த பீகார்க்காரர்களின் பிள்ளைகளை யாரும் எதற்கும் கூப்பிட்டதே இல்லை.

எல்சி பெற்றோரைக் கூட்டி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். எல்லாப் பண்டிகையும் எல்லாப் பிள்ளைக்கும். யாரும் ஒதுங்கி உட்காரக் கூடாது. ஆசிரியைகளுக்கும் ஓர் உத்தரவு போட்டார். எந்தப் பிள்ளையின் வீட்டுக் கதையும் பள்ளிக்குள் வரக் கூடாது. புஷ்பவல்லி டீச்சர் ஒருமுறை, "அந்த சௌமியா வூட்ல..." என்று ஆரம்பித்தபோது, "வேணாம் டீச்சர்" என்று அங்கேயே வெட்டிவிட்டார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

எல்லாப் பண்டிகையும் எல்லாப் பிள்ளைக்கும் என்றபோது முதலில் தோள் கொடுத்தவள் இதே குணசுந்தரிதான். தீபாவளிக்குப் பட்டுப் பாவாடை, கிறிஸ்துமஸுக்கு வெள்ளை கவுன் என்று மகளை ஜோடித்து அனுப்பினாள். மீன் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு வந்து குடிலுக்கு வைக்கோல் பரப்பினாள். குப்பத்துப் பெண்கள் அவளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டதை எல்சியும் கவனித்தார். வேற்றுச் சாமிக்குச் செய்கிறாளே என்ற எரிச்சல் போலும் என்று நினைத்து, அவளிடம் கூடுதலாகவே பிரியம் காட்டினார்.

அவளே இப்போது இப்படி வந்து நின்றால் என்ன செய்வது? பானை முன்னால் மகன் நிற்கக் கூடாது என்ற பெனிட்டோவின் அப்பாவை நேற்றுத்தான் அரும்பாடுபட்டுச் சம்மதிக்க வைத்திருந்தார். ஒரு பேரை எடுத்தால் நாளைக்குப் பத்துப் பேர் வருவார்கள். பிள்ளைகள் பழையபடி கும்பல் கும்பலாகப் பிரிந்து உட்காருவார்கள்.

யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டார். சொல்கிறவர்கள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள், அதையெல்லாம் தான் காதில் வாங்குவதில்லை என்றாள் குணசுந்தரி.

"அப்புறம் என்னம்மா? பெரியவங்க பிடிவாதத்துக்குக் குழந்தையோட சந்தோஷத்தைக் கெடுக்காதீங்க. இங்க எந்தப் பிள்ளையையும் நான் தனியா உட்கார வைக்க மாட்டேன். உங்க வீட்டுக்காரரை வரச் சொல்லுங்க. அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும், பேரை எடுத்துடறேன்."

சொல்லி முடித்த பிறகு, குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டதாக எல்சிக்கே பட்டது. குணசுந்தரி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மீன்பிடித் தடை முடிஞ்ச அன்னிக்குக் கடலுக்குப் போனவரு டீச்சர். போட்டும் வரல, ஆளும் வரல. ஏழு மாசம் ஆச்சு."

எல்சி எழுந்து நின்றார்.

"காரியம் பண்ணிடுன்னாங்க எங்க ஜனங்க. துக்க வூட்லதான டீச்சர் ஒரு வருசத்துக்குப் பண்டிகை கெடையாது? அதான் நான் ஒண்ணையும் உடல. எல்லாத்துக்கும் புள்ளைக்குப் புதுத் துணி போட்டு அனுப்புனேன். ஊரே காறித் துப்புச்சு. துப்பட்டும். பண்டிகை பண்ற வரைக்கும் எங்க வூட்ல சாவு இல்ல."

எல்சி மேசையைச் சுற்றி வந்து அவள் கையைப் பிடித்தார். அவருக்குத் தன் உத்தரவை நினைக்கவே கூசியது.

"மன்னிச்சிடும்மா, நான் கேட்டிருக்கணும். இப்பவாவது நீங்க மனசைத் தேத்திக்கிட்டீங்களே. பேரை எடுத்துடறேன்."

"நான் எங்க டீச்சர் தேத்திகினேன்? இன்னும் வருவாருன்னுதான் சொல்லிகினு கீறேன்" என்றாள் குணசுந்தரி. "பொங்கலுக்கு எடுத்த பாவாடைய மடிச்சு எங்கையில குடுத்துட்டு, 'இந்த வருசம் நம்ம வூட்ல பண்டிகை இல்லம்மா'ன்னு சௌமியாதான் சொன்னா."