ஆனைக்கொய்யா மரத்தடி விருந்து

“அம்மா, அந்தச் சொப்பிங் பேக்கை உடனை ஒளியுங்கோ! அந்த மனிசன் கண்டாரெண்டால் கலியாணமே நிண்டுபோயிடும்.”

பண்டாரவளைச் சந்தையைத் தாண்டி ஆட்டோ மேட்டில் திரும்பியதும் கஜரூபன் பதறினான். லீலாதேவி பலகாரங்களை அவசரமாக ஓலைப்பெட்டிக்கு மாற்றினார். பொலித்தீன் பையைக் கசக்கிக் கைப்பைக்குள் திணித்தார்.

“பிளாஸ்டிக்குக்குப் பயந்துகொண்டு பொம்பிளை பார்க்கப் போற முதல் ஆக்கள் நாங்களாத்தான் இருப்பம்,” என்று முணுமுணுத்தார்.

பதுளையில் நில அளவை அலுவலகத்தில் கஜரூபனோடு வேலை செய்பவள் சிவசக்தி. தாய் இல்லாத ஒரே மகள். அவளுடைய அப்பா மாடசாமி மரக்கறி லொறி வைத்திருப்பவர். பிளாஸ்டிக் என்றால் அப்பாவுக்கு ஆகவே ஆகாது என்று அவள் சொல்லியிருந்தாள். கஜரூபன் பிளாஸ்டிக் கரண்டியோடு ஐஸ்கிரீம் வாங்கப் போனால்கூட, “அப்பாவுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்” என்று தடுத்து, கோன் வாங்கிக் கையில் கொடுப்பாள்.

மலைநாட்டில் பெண் எடுக்கத் தாயைச் சம்மதிக்க வைக்கவே அவனுக்கு ஒரு வருடம் பிடித்தது. இன்று பிசகினால் இன்னொரு தடவை அவரை யாழ்ப்பாணத்திலிருந்து ரயில் ஏற்ற முடியாது.

மாடசாமி வாசலிலேயே கும்பிட்டபடி நின்றார். “வாங்க, வாங்கம்மா. சித்திரை வெயிலு. மரத்தடியிலேயே உக்காரலாம். நமக்கு எதுக்குங்க கரண்டு, ஃபேனு எல்லாம்?”

ஆனைக்கொய்யா மரத்தடியில் பழைய சேலைகளைக் கிழித்துக் கட்டிய தோரணம் காற்றில் துள்ளியது. மண் குவளையில் பாஷன் பழச்சாறு. வாழையிலையில் அவித்த சோளம். பாக்குமட்டைத் தட்டில் மரவள்ளிப் பொரியல். லொறி டயர்களின் மேல் சாக்குத் தைத்து இருக்கை செய்திருந்தார்கள். அதில் உட்கார்ந்த லீலாதேவி உள்ளே இறங்கிக்கொண்டே போனார். மாடசாமியும் கஜரூபனும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரைத் தூக்கி எடுத்தார்கள்.

“நல்ல வடிவா இருக்கு,” என்றார் மூச்சு வாங்க. “எங்கட வீட்டிலையும் கதிரையே இல்லை. பாய்தான்.”

கஜரூபன் தலையைக் குனிந்துகொண்டான். வீட்டில் புது சோபாவைச் சுற்றி வந்த பொலித்தீனைக்கூட அம்மா இன்னும் கழற்றவிடவில்லை.

மாடசாமியும் விடவில்லை. “நாங்க சோப்பையே விட்டுட்டோங்க. குளிக்கச் சீயக்காய், பாத்திரத்துக்குச் சாம்பல்.”

“நான் வேலைக்குச் சைக்கிள்லதான் போறனான், அங்கிள்,” என்றான் கஜரூபன்.

“பதுளை ஏத்தத்துலயா தம்பி?”

“இறங்கித் தள்ளிக்கொண்டு போவன்.”

சிவசக்தி உதட்டைக் கடித்துக்கொண்டு எல்லோருக்கும் பழச்சாறு ஊற்றினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். “அப்போ கல்யாணத்த எப்படிச் செய்றது?”

மாடசாமி கையிலிருந்த சோளத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மண்டபம், ஏசி, கட்டவுட்டு… அதெல்லாம் உங்களுக்குப் புடிக்காதில்லீங்களா? அப்போ எங்களுக்கும் வேணாங்க.”

மகன் பிறந்த நாளிலிருந்து லீலாதேவி மனதுக்குள் ஒரு மண்டபத்தை அலங்கரித்துக்கொண்டிருந்தவர். குவளைக்குள் பார்த்துக்கொண்டு சொன்னார். “ஓம்… எங்களுக்கும் வேண்டாம். கிட்டின சொந்தத்தோட இந்த மரத்தடியிலையே வைப்பம்.”

“ரெண்டு பேரும் வாக்கு மாற மாட்டீங்களே?” என்றாள் சிவசக்தி.

“மாறுவோமா!” என்றார் மாடசாமி. அந்த இடத்திலேயே வெற்றிலைத் தட்டை நீட்டினார். லீலாதேவி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் மாடசாமி அடுப்பைப் பார்த்து வருவதாக எழுந்து போனார். லீலாதேவி கை கழுவப் போனார். இரண்டு பேரும் திரும்பி வரவில்லை. கஜரூபன் தேடிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனான்.

விறகுக் கட்டுக்குப் பக்கத்தில் லொறியை மூடும் படங்கு ஒன்று விலகிக் கிடந்தது. அதன் கீழே பிளாஸ்டிக் கதிரைகள், வாளிகள், கூடைகள் குவிந்திருந்தன. ஒரு சிவப்புக் கதிரையில் மாடசாமி சாய்ந்திருந்தார். அவர் வாயில் கவிழ்ந்திருந்தது பிளாஸ்டிக் சோடாப் போத்தல். எதிரே லீலாதேவி. கைப்பையில் ஒளித்துக் கொண்டுவந்த தண்ணீர்ப் போத்தல் அவர் கையில் பாதி திறந்தபடி இருந்தது.

“நீங்க பிளாஸ்டிக்கக் கையால தொடமாட்டீங்கன்னு புள்ள சொல்லுச்சுங்களே!” என்றார் மாடசாமி.

“நீங்கள் கண்டால் எங்களை வாசலிலையே கலைச்சுப்போடுவியள் எண்டெல்லோ இவன் எனக்குச் சொன்னவன்!”

“எனக்கு சக்தி சொன்னவ,” என்றான் கஜரூபன்.

“ஐயோ அம்மா, நேத்தெல்லாம் இந்தச் சாமானத் தூக்கி ஒளிச்சு என் இடுப்பே போச்சுங்க!”

லீலாதேவி குவியலிலிருந்து ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அப்பாடா, இதெல்லோ இருக்கை!” மூன்று பேருக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சத்தம் கேட்டுச் சிவசக்தியும் வந்து சேர்ந்தாள்.

“அப்ப மண்டபமே பேசிடலாங்களா?” என்றார் மாடசாமி ஆசையாக.

“வெத்தல மாத்தியாச்சுப்பா,” என்றாள் சிவசக்தி.

லீலாதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். “எடி பிள்ளை, அப்ப உண்மையிலை பிளாஸ்டிக் ஆகாத ஆள்தான் ஆர்?”

சிவசக்தி இரண்டு பேர் கையிலிருந்தும் போத்தல்களைப் பதமாக வாங்கிக்கொண்டாள்.

“உங்க மருமகதான், அத்தை!”