நாலாவது கோட்டு

பட்டறையில் மூன்று பேர்: பைபர் கதவு செய்யும் பொன்னப்பன், அவர் மனைவி சுகுமாரி, லாட்ஜுக்கு நாற்பது கதவு கேட்டு வந்த சிவானந்தம்.

நடுவில் கிடந்த மரக்கதவுதான் மாதிரி. அது கண்ணாடிபோல் வழுக்கினால்தான் அதன்மேல் எடுக்கும் அச்சு ஒட்டாமல் கழன்று வரும். மூன்றாவது கோட்டு வார்னிஷ் உலர்ந்திருந்தது.

சிவானந்தம் தடவிப் பார்த்தார். “சொரசொரப்பு உண்டு பொன்னப்பா. இன்னொரு கோட்டு அடியும். இல்லன்னா ஆர்டர் இல்ல.”

“இன்னொண்ணா?” என்று சுகுமாரி துள்ளி எழுந்தாள். “சாரே, ஈ உக்காந்தா வழுக்கி விழும். இது போராதா?”

தொழிலில் என்ன அக்கறை என்று சிவானந்தம் வியந்தார். காலையிலிருந்து கதவைவிட்டு நகரவில்லை; அவர் வாங்கித் தந்த சாயாவையும் தொடவில்லை. தன் மனைவி ஒருநாளாவது லாட்ஜை எட்டிப் பார்த்திருப்பாளா?

“பொறும்மா. அஞ்சு கோட்டுன்னா ரொம்ப நல்லதாக்கும்.”

சுகுமாரி கதவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். அது இரண்டு தடவை கையிலிருந்து வழுக்கியது.

“எங்க கொண்டு போறா?”

“எங்க வீட்டுக் கக்கூஸ் கதவு, சாரே. ரோட்டப் பாத்து இருக்கதாக்கும்,” என்று பொன்னப்பன் திருப்புளியோடு பின்னால் ஓடினார்.

“வழுவழுப்பு போதும்! ஆர்டர் உறுதி!” என்று சிவானந்தம் கத்தினார்.

பொன்னப்பன் கடைசித் திருகாணியை முறுக்கியதும், பதிலுக்குக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ் விழுந்தது.