இடது கைக்காரர் ஒருவர்

மூன்றாம் பேட்டைக்கான உறையைத் தரையிலிருந்து எடுக்கவே தொகிவா இரண்டு முறை குனிய வேண்டியிருந்தது. அறுபத்தெட்டு வயது முழங்கால், லேசில் மடங்கவில்லை.

மற்ற ஐந்து பேட்டைக்காரர்களும் அதற்குள் தங்கள் சீட்டைப் படித்துவிட்டுக் கூட்டத்துக்குள் பாய்ந்திருந்தார்கள். சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதைக் கூட்டத்தில் யாரிடமாவது இரவல் வாங்கிக்கொண்டு எல்லைக்கோட்டுக்கு ஓட வேண்டும். ஆளாக இருந்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓட வேண்டும்.

இலையுதிர்காலத் திருவிழாவில் காலைப் போட்டிகளிலேயே ஊருக்கு மிகவும் பிடித்தது இதுதான். முதல் பேட்டை ஆசாமி சூப் அண்டாவின் மூடியைத் தூக்கிக்கொண்டு ஓட, அண்டாக்காரிகள் கரண்டியோடு துரத்திக்கொண்டிருந்தார்கள்.

தொகிவா உறையைப் பிரித்தாள்.

'இடது கைக்காரர் ஒருவர்.'

அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன தொகிவா அக்கா, சீட்டுல கதையா எழுதியிருக்கு? படிச்சது போதும், ஓடுங்க!"

ஒலிபெருக்கியில் குவபாராவின் குரல். மீன்கடைக்காரர், மூன்றாம் பேட்டைத் தலைவர். ஓட ஆள் கிடைக்கவில்லை என்று கெஞ்சிக் கூத்தாடி இவளை இறக்கிவிட்டவரும் அவர்தான். மைதானமே சிரித்தது.

அவளுக்குத் தெரிந்த இடது கைக்காரி ஒருத்திதான். இருபதடி தள்ளி, புள்ளி எழுதும் கூடாரத்தில், பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருந்தாள் மினே.

இருபத்திரண்டு வருடம் இதே திருவிழாவில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஆடியவர்கள். முன்வரிசை, வலது ஓரம். ஒருத்தி விசிறியைத் திருப்பினால் மற்றவள் பார்க்காமலே திருப்புவாள்.

ஐந்து வருடத்துக்கு முன் ஒத்திகையில் மினேதான் சொன்னாள், "உனக்கு முழங்கால் மடங்கலையேடி, இந்தத் தடவை பின்வரிசையில நில்லேன்." உள்ளதைத்தான் சொன்னாள். எல்லார் முன்னாலும் சொன்னாள், அவ்வளவுதான்.

"எனக்கு வீட்டுக்குப் போனா பேச ஆள் இருக்கு. உன்னை மாதிரி ஆடியே பொழுதைக் கழிக்கணும்னு தலையெழுத்து இல்லை" என்றாள் தொகிவா.

மினேயின் கணவர் இறந்து அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை.

மினே ஒலிநாடாவை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள். அன்றைக்கு அவள் ஒரு அடிகூடத் தப்பாக வைக்கவில்லை என்பது தொகிவாவுக்கு இன்றும் நினைவிருந்தது.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். மறுநாளே கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். வருடப் பிறப்புக்குக் கேட்கலாம், செர்ரி பூக்கும்போது கேட்கலாம் என்று தள்ளிப்போட்டு, தள்ளிப்போட்டு, எந்த வார்த்தையும் போதாது என்றாகிவிட்டது. ஆட்டத்தையும் விட்டுவிட்டாள். காய்கறிக் கடையில் மினேயைப் பார்த்தால் வேறு வரிசைக்கு நகர்ந்துவிடுவாள்.

இப்போது மினே பென்சிலைக் கீழே வைத்தாள். நேராகத் தொகிவாவைப் பார்த்தாள். மேசையில் கையூன்றி, நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள்.

எந்த முகத்தோடு போய் அந்தக் கையைப் பிடிப்பது?

தொகிவா சட்டென்று மறுபக்கம் திரும்பினாள்.

"யாராவது இடது கைக்காரங்க இருக்கீங்களா? இடது கை! இடது கை!"

உடற்பயிற்சிக் கூடத்து வாசலில் செவ்வந்திக் கண்காட்சி பார்க்க வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். மேளக்காரர்களின் கூடாரத்திலும் யாரும் இல்லை. நொண்டி நொண்டி மைதானத்தை முக்கால் சுற்று சுற்றியபிறகு, வாயிற்கதவருகே வாகனங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த இளம் போலீஸ்காரர் தயங்கித் தயங்கிக் கையை உயர்த்தினார்.

"மூணாம் பேட்டை போலீஸையே கூட்டிட்டு வருது, எல்லாரும் வழி விடுங்க!" என்று குவபாரா கத்தினார். ஊரே கைதட்டியது. தொகிவா கடைசி ஆளாகக் கோட்டைத் தொட்டாள்.

நிஜமாகவே இடது கைதானா என்று சோதிக்க வேண்டும். அதற்குப் புள்ளிக் கூடாரத்தில் பெயரெழுதிக் காட்ட வேண்டும். மினே உட்கார்ந்தபடியே பென்சிலை நீட்டினாள். அவள் இடது கையிலிருந்து போலீஸ்காரரின் இடது கைக்குப் பென்சில் மாறியது. அவர் எழுதி முடிக்கும்வரை மினே அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியா இருக்கு. ஆறாவது இடம்" என்றாள்.

ஆறாவது பரிசு ஒரு பெட்டி காகிதக் கைக்குட்டை. மினே இரண்டு கைகளாலும் கொடுத்தாள். முன்பின் தெரியாதவரிடம் வாங்குவதுபோலத் தொகிவா தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு விலகினாள்.

பகல் உணவு நேரத்தில் குவபாரா சூப் கிண்ணத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பக்கத்துலயே மினே அக்கா இருந்தாங்களே! அவங்க இடது கைன்னு உங்களுக்குத் தெரியாதா என்ன? கூட்டிட்டு ஓடியிருந்தா முதல் இடம் நமக்குத்தான். அவங்க அடுத்த வாரம் மகளோட இருக்கப் போறாங்க, அவ்வளவு தூரம், சப்போரோவுக்கு. வீட்டைக்கூடக் காலி பண்ணிட்டாங்க. ஓடும்போது அவங்க கண்ணுல படலையா?"

"படலை" என்றாள் தொகிவா.

மடித்து வைத்திருந்த சீட்டை எடுத்து மறுபடி பார்த்தாள்.

மூன்றாம் பேட்டைக்காக யார் ஓடப்போகிறார்கள் என்ற பட்டியல் ஒரு வாரமாக சீட்டு எழுதும் விழாக் குழுவினர் கையில் இருந்தது; மினேயும் அதில் ஒருத்தி. இந்தச் சீட்டில் இருப்பதுபோல 'கை' என்ற எழுத்தின் கடைசிக் கோட்டை நீளமாக இழுத்து மேலே சுண்டிவிடுகிறவள் அந்த ஊரில் ஒருத்திதான். இருபத்திரண்டு வருடம் மினே எழுதிக் கொடுத்த ஆட்டக் குறிப்புகளைப் பார்த்துத்தான் தொகிவா ஆடினாள்.

உறையைப் பிரித்த நொடியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துதான் மறுபக்கம் திரும்பிக் கத்தினாள்.